பிராசசர் வேகம் ஏறவில்லையா? லினக்ஸ் கெர்னலின் அதிர்வெண் பிழைகளைப் பிடித்துத் திருத்த ஒரு வழிகாட்டி

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது ஒரு சார்ஜர். என் மடிக்கணினி உறக்கநிலையிலிருந்து எழுந்த பிறகு 800 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். எவ்வளவு வேலை கொடுத்தாலும் மேலே ஏறாது. ஏறாத அந்த வேகத்தைத் தேடி மூன்று வாரம், இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலின் நிரலுக்குள் துழாவினேன். ஒரு நாள் மாலை மின்சாரம் போனது. பேட்டரிக்கு மாறிய அடுத்த நொடியே 3,400 மெகாஹெர்ட்ஸ்! மாற்றாக வாங்கிய மலிவு சார்ஜரை மடிக்கணினிக்கு அடையாளம் தெரியவில்லை. அதனால் அதன் பலகையே பிராசசரின் காலைக் கட்டிப்போட்டிருந்தது. கெர்னலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து எனக்குச் சிக்கியது உண்மையான கெர்னல் பிழை. திருத்தம் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி பொதுமக்கள் பயன்படுத்தும் பதிப்புக்குப் போய்ச் சேர நான்கு மாதத்துக்கு மேல் ஆனது, அதில் பாதி என் அறியாமையால். அந்தப் பாதியையாவது நீங்கள் மிச்சப்படுத்தலாம்.

சி மொழி ஓரளவு தெரியும், டெர்மினலைக் கண்டு பயமில்லை என்றால் போதும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. முதலில் கெர்னலை விடுதலை செய்யப் பாருங்கள்

குற்றம் கெர்னல்மேல் இல்லை என்று நிரூபிக்க முயலுங்கள். முயன்று தோற்றால்தான் அடுத்த படி.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். இதற்கு அரை நிமிடம் போதும், எனக்கு மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். இன்டெல் மடிக்கணினிகளில் வேகம் 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸில் அப்படியே உறைந்து நின்றால், பிராசசருக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒரு சில்லு ‘சூடாகிவிட்டது, குறை’ என்ற சைகையைக் கொடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இதன் பெயர் பிடி பிராக்ஹாட். சார்ஜர், பேட்டரி, கெட்டுப்போன வெப்ப உணரி என எது வேண்டுமானாலும் இதைக் கிளப்பலாம்.

அடுத்தது உண்மையான சூடு. இன்டெல் கணினியில் ஒவ்வொரு சிபியுவின் அடைவிலும் தெர்மல்_த்ராட்டில் என்று ஓர் உள்ளடைவு இருக்கிறது. அதிலுள்ள எண்ணிக்கை, வேலை கொடுக்கும்போது ஏறிக்கொண்டே போனால் விசிறியைத் துடையுங்கள். பழைய மடிக்கணினி என்றால் வெப்பப் பசையையும் மாற்றுங்கள்.

மூன்றாவது, உங்கள் கணினியிலேயே ஓடும் மற்ற நிரல்கள். டிஎல்பி, தெர்மால்டி, பவர்-புரொஃபைல்ஸ்-டேமன் ஆகியவை நல்ல எண்ணத்தோடுதான் உச்சவரம்பைக் குறைக்கின்றன. சிஸ் அடைவின் கீழ் டிவைசஸ், சிஸ்டம், சிபியு, சிபியுஃப்ரீக், பாலிசி0 என்று இறங்கிப் போங்கள். அங்கே சிபியுஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரீக், ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக் என்று இரண்டு கோப்புகள் இருக்கும். முதலாவது வன்பொருளின் உச்சம், இரண்டாவது இப்போது அனுமதிக்கப்பட்ட உச்சம். இரண்டாவது சிறியதாக இருந்தால் யாரோ வரம்பு போட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன சேவைகளை நிறுத்திவிட்டுக் கணினியை மறுபடி தொடக்கிப் பாருங்கள். எண்கள் எல்லாம் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 3400000 என்றால் 3.4 கிகாஹெர்ட்ஸ். பழைய ஏசிபிஐ டிரைவர் ஓடும் கணினியில் பயோஸ்_லிமிட் என்ற கோப்பும் இருக்கும். வரம்பு அங்கே தெரிந்தால் அதைப் போட்டது பலகையிலேயே இருக்கும் தொடக்க நிரலான பயோஸ்.

இங்கே புதியவர்கள் எல்லாரும் விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்கேலிங்_கர்_ஃப்ரீக் கோப்பைப் படித்து ‘இப்போது இந்த வேகத்தில் ஓடுகிறது’ என்று நம்பிவிடாதீர்கள். பல டிரைவர்களில் அது கெர்னல் கடைசியாகக் கேட்ட அதிர்வெண் மட்டுமே. வன்பொருள் கொடுத்தது வேறாக இருக்கலாம். எக்ஸ்86 கணினியில் உண்மை தெரிய டர்போஸ்டாட் வேண்டும். கெர்னல் நிரலோடேயே வருகிறது. அதில் பிஸி_மெகாஹெர்ட்ஸ் என்ற நெடுவரிசையைப் பாருங்கள், பிராசசர் விழித்திருந்த நேரத்தில் ஓடிய சராசரி வேகம் அதுதான். பக்கத்திலிருக்கும் ஆவரேஜ்_மெகாஹெர்ட்ஸ் உறங்கிய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது. அது குறைவாகக் காட்டுகிறது என்று பதறுவது வீண்.

இவ்வளவுக்கும் பிறகு கெர்னலைத் தவிர வேறு யாரும் மிஞ்சவில்லை என்றால், வாழ்த்துகள்.

2. எந்த டிரைவர், எந்த கவர்னர்?

கெர்னலின் இந்தப் பகுதிக்கு சிபியுஃப்ரீக் என்று பெயர். டிரைவர் வன்பொருளோடு பேசும். கவர்னர் எவ்வளவு வேகம் வேண்டும் என்று முடிவெடுக்கும். (ஆளுநர் என்று மொழிபெயர்த்தால் செய்தித்தாள் படிப்பது போலிருக்கும் என்பதால் கவர்னர் என்றே விட்டுவிடுகிறேன்.) பாலிசி0 அடைவில் ஸ்கேலிங்_டிரைவர், ஸ்கேலிங்_கவர்னர் என்ற இரண்டு கோப்புகளில் இவை தெரியும். சிபியுபவர் என்ற கருவி எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும்.

இன்டெல்_பிஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் நிலையில் ஓடும்போது பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்று இரண்டே கவர்னர்கள் தெரியும். ‘பவர்சேவ் என்று போட்டிருக்கிறதே, அதனால்தான் மெதுவாக ஓடுகிறது’ என்று நினைப்பது தவறு. மற்ற டிரைவர்களில் பவர்சேவ் என்றால் குறைந்தபட்ச வேகத்தில் பூட்டிவைப்பது. இங்கேயோ அது தேவைக்கேற்ப ஏறி இறங்கும் தனி முறை. பெயர் ஒன்று, குணம் வேறு.

வன்பொருளே வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் ஹெச்டபிள்யுபி வசதி இயங்கும் கணினியில் கெர்னல் கொடுப்பது கீழ்வரம்பு, மேல்வரம்பு, மின்சிக்கன விருப்பம் ஆகியவை மட்டும். அந்த வரம்புகளுக்குள் ஏன் 2,100-ல் நிற்கிறது, ஏன் 2,300-க்குப் போகவில்லை என்று கெர்னலைக் கேட்டுப் பயனில்லை. வரம்புகளே தவறாகப் போயிருந்தால் கேட்கலாம்.

ஸ்கெட்யூட்டில் கவர்னர், பயன்பாட்டின்மேல் கால் பங்கு கூட்டி வேகம் கேட்கும். ஆகவே 80 சதவீதப் பயன்பாட்டிலேயே உச்ச வேகத்தைக் கேட்டுவிடும். அதுவும் பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்த இடைவெளி.

3. என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்?

கட்டணம் என்று யாருக்கும் ஒரு பைசா கிடையாது. செலவெல்லாம் நேரமும் வன்பொருளும்தான்.

இரண்டு கணினிகள் இருந்தால் நல்லது: கம்பைல் செய்ய வேகமானது ஒன்று, உடைத்துப் பார்க்க ஒன்று. ஒரே கணினியில் இரண்டையும் செய்தேன். பூட் ஆகாத கெர்னலை முன்னால் வைத்துக்கொண்டு கைப்பேசியில் விடை தேடிய இரவுகள் உண்டு. மெய்நிகர் கணினியை வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அதற்குள் ஓடும் கெர்னலுக்குப் பொதுவாக பிராசசரின் அதிர்வெண்மேல் எந்தப் பிடியும் இருக்காது. பாலிசி அடைவே தென்படாது.

வட்டில் 40 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் நிரலின் கிட் களஞ்சியத்தை முழு மாற்ற வரலாற்றோடு இறக்க வேண்டும், பின்னால் தேவைப்படும். சில ஜிபி போகும் என்பதால் கைப்பேசித் தரவில் முயல வேண்டாம்.

4. கெர்னலை நீங்களே கம்பைல் செய்யுங்கள்

உங்கள் விநியோகம் (உபுண்டு போன்றது) கொடுத்த கெர்னலில் பிழையைக் காட்டினால் பராமரிப்பாளர்கள் முதலில் கேட்பது ‘மெயின்லைனில் வருகிறதா?’ என்பதுதான். மெயின்லைன் என்றால் விநியோகம் கைவைக்காத மூலக் கெர்னல். ஆகவே அதை இறக்கி, ஓடும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பை அதற்குள் நகலெடுத்து, மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள். இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அது கழித்துவிடும். என் கணினியில் இரண்டு மணி நேரம் பிடித்த கம்பைல் இருபது நிமிடமாகச் சுருங்கியது.

அந்தக் கட்டளையைக் கொடுக்கும் முன் நீங்கள் பயன்படுத்தும் யுஎஸ்பி குச்சி, வெளித்திரை, வைஃபை எல்லாவற்றையும் செருகிவிடுங்கள். அந்த நேரத்தில் செருகாதது கழிந்துபோகும். எனக்குப் போனது விசைப்பலகை.

உபுண்டுவின் கான்ஃபிக்கை எடுத்தால் சான்றிதழ் கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று கம்பைல் நின்றுபோகும். சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ், சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ் இரண்டையும் வெறுமையாக்குங்கள். செக்யூர் பூட் இயங்கினால் நீங்கள் கட்டிய கெர்னல் கையொப்பம் இல்லாததால் தொடங்காது. பயோஸில் அதை அணைக்க வேண்டும். அலுவலக மடிக்கணினி என்றால் தொடும் முன் அனுமதி கேளுங்கள். நிறுவும்போது இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப் மாறிக்கு 1 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் நான்கைந்து கெர்னலிலேயே பூட் பகிர்வு நிரம்பி வழியும்.

தனியார் வரைகலை டிரைவர் போன்ற வெளி மாட்யூல்களைக் கழற்றிவிட்டே சோதியுங்கள். ப்ராக் அடைவின் கீழ் சிஸ், கெர்னல், டெயின்டட் என்ற கோப்பில் 0 இருக்க வேண்டும். வேறு எண் இருந்தால் உங்கள் புகாரைப் பாதியில் மூடிவிட வாய்ப்பு உண்டு, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

5. எந்தக் கமிட்டில் கெட்டது?

முன்பு சரியாக இருந்து இப்போது கெட்டிருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். கிட் பைசெக்ட் உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஒரு கெர்னல் வெளியீட்டுக்குள் ஏறத்தாழ 14,000 கமிட்டுகள் (பதிவான மாற்றங்கள்) இருந்தாலும், பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பதினான்கு முறை கம்பைல் செய்து முடித்துவிடலாம். ஒரு முறைக்கு கம்பைல் இருபது நிமிடம், பூட் ஆவதும் சோதனையும் பத்து நிமிடம் என்று வைத்தால் ஏழு மணி நேரம். சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த டிரைவர்ஸ் அடைவின் சிபியுஃப்ரீக் பகுதியில் மட்டும் தேடச் சொல்லலாம் என்ற ஆசை வரும். வேறொரு பிழைக்கு நான் அப்படிச் செய்து, ஒரு பாவமும் அறியாத கமிட்டைப் பிடித்துக்கொண்டு அதை எழுதியவருக்குக் கடிதமும் எழுதிவிட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். உண்மைக் காரணம், எந்தப் பணி எப்போது ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் பகுதியில் இருந்தது. ஏசிபிஐ, எக்ஸ்86 பகுதிகளிலும் இருக்கலாம். முழு நிரல் மரத்தையும் பாதி பாதியாக வெட்டுங்கள்.

சில நேரம் மட்டும் வரும் பிழையென்றால், ஒவ்வொரு கெர்னலையும் ‘நல்லது’ என்று அறிவிக்கும் முன் குறைந்தது பத்து முறை உறங்கவைத்து எழுப்புங்கள். ஒரே ஒரு தவறான ‘நல்லது’ மீதி எல்லாக் கம்பைலையும் வீணாக்கும். பைசெக்ட் பதிவேட்டைக் கோப்பில் சேமித்துவிடுங்கள்.

6. நிரலுக்குள் தேடுதல்

எனக்குக் கிடைத்த பிழை ஒரு சிறிய ஏஆர்எம் பலகையின் டிரைவரில். வேகம் ஒழுங்காக ஏறி இறங்கியது, உறங்கி எழுந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆர்எம்மாட் கொடுத்து டிரைவரைக் கழற்றினால் கட்டளை திரும்பி வரவே வராது. 120 விநாடி கழித்து, ‘இந்தப் பணி 120 விநாடிக்கு மேல் தடைப்பட்டிருக்கிறது’ என்று கெர்னல் பதிவேட்டில் எழுதும்.

டைனமிக் டீபக் வசதியில் சிபியுஃப்ரீக்.சி கோப்பின் செய்திகளை இயக்கிவிட்டு மறுபடி கழற்றிப் பார்த்தேன். கடைசி வரி இப்படிச் சொன்னது: ரெஃப்கவுண்ட் இறங்கக் காத்திருக்கிறேன். அதாவது சிபியுவின் வேக வரம்புகளை வைத்திருக்கும் பாலிசி என்ற பொருளை யாரோ கையில் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. எல்லாரும் திருப்பித் தரும்வரை அதை அழிக்க முடியாது. ஆகவே கெர்னல் காத்துக்கொண்டே இருக்கிறது.

சிபியுஃப்ரீக்_சிபியு_கெட் என்று அழைத்தால் பாலிசி கைக்கு வரும், எண்ணிக்கை ஒன்று கூடும். வேலை முடிந்ததும் சிபியுஃப்ரீக்_சிபியு_புட் என்று திருப்பித் தர வேண்டும். டிரைவரில் கெட் வரும் இடங்களை எல்லாம் தேடினேன், நான்கு. மூன்றில் புட் சரியாக இருந்தது. நான்காவதிலும் செயற்கூற்றின் கடைசியில் புட் இருந்தது. ஆனால் நடுவில் ‘அட்டவணை கிடைக்கவில்லையென்றால் பிழை எண்ணோடு திரும்பு’ என்று ஒரு குறுக்கு வழி. அந்த வழியாக வெளியேறினால் புட் நடக்காது. திரும்பும் வரிக்கு மேலே ஒரு புட் போட்டேன். அவ்வளவுதான் திருத்தம்.

புதிய கெர்னல்களில், மாறி தன் எல்லையை விட்டு வெளியேறும்போது தானே புட் நடக்கும்படி அறிவிக்கும் முறை வந்திருக்கிறது. புதிதாக எழுதும் நிரலுக்கு அதுவே நல்லது. பழைய நிலைப் (ஸ்டேபிள்) பதிப்புகளுக்கும் போகவேண்டிய திருத்தம் என்றால் நேரடி புட் வரியே தொல்லையில்லாதது என்பது என் கருத்து.

இந்த வகைக் கசிவு அடிக்கடி கிடைக்கும். கெட் வெறுமைச் சுட்டியைத் திருப்பித் தரலாம் என்பதைச் சோதிக்காமல் விட்ட இடங்களும் அப்படியே. மற்ற வழக்கமான குற்றவாளிகள்:

அலகு. சிபியுஃப்ரீக் கிலோஹெர்ட்ஸில் பேசும். கிளாக், ஓபிபி பகுதிகள் ஹெர்ட்ஸில் பேசும். நடுவில் ஆயிரத்தால் பெருக்கும் வரியில் குறியுள்ள 32 பிட் முழு எண் இருந்தால், 2,147,483,647-ஐத் தாண்டியதும் கணக்கு புரண்டுவிடும். அதாவது 1.8 கிகாஹெர்ட்ஸ் பலகையில் ஓடிய டிரைவர் 2.4 கிகாஹெர்ட்ஸ் பலகையில் உளறும்.

ரிலேஷன் எல், ரிலேஷன் ஹெச் குழப்பம். எல் என்றால் கேட்டதற்குச் சமமான அல்லது மேலான அதிர்வெண்களில் மிகக் குறைந்தது. ‘கீழே உள்ளது’ என்று பொருள் கொண்டால் தலைகீழ்.

பாலிசி என்பது ஒரு சிபியுவுக்கு உரியது என்று எண்ணுவது. பல சிபியுக்கள் ஒரே பாலிசியைப் பகிரலாம். சிபியு 0-வை நேரடியாக எழுதிவைத்த டிரைவர், பெரிய உள்ளகமும் (கோர்) சிறிய உள்ளகமும் கலந்த சில்லில் தடுக்கி விழும்.

பூட்டுகளைத் தொடும் திருத்தம் என்றால் புரூவ்_லாக்கிங் வசதியை இயக்கிய கெர்னலில் ஒரு முறை ஓட்டாமல் அனுப்ப வேண்டாம். சிபியுக்களை ஒவ்வொன்றாக அணைத்து ஏற்றி, கூடவே கவர்னரையும் மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். முட்டுப்பூட்டு (டெட்லாக்) இருந்தால் அநேகமாக வெளியே வந்துவிடும்.

7. பேட்சும் கூடப் போகவேண்டிய தாள்களும்

பேட்சின் (அனுப்பும் திருத்தத்தின்) தலைப்பு ‘சிபியுஃப்ரீக்’, முக்காற்புள்ளி, டிரைவரின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு என்ன செய்கிறது என்று ஒரு வரி. உடலில் என்ன கெட்டது, பயனருக்கு அது எப்படித் தெரியும், ஏன் இந்தத் திருத்தம் என்று எழுதுங்கள். ‘இந்த வரியைச் சேர்த்தேன்’ என்பதைப் பேட்சே காட்டும்.

அடியில் வரவேண்டியவை: சைன்ட்-ஆஃப்-பை வரி கட்டாயம். இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி அது. வேலை நேரத்திலோ அலுவலகக் கணினியிலோ எழுதியிருந்தால் அந்த உரிமை நிறுவனத்துக்கு இருக்கலாம், முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எனக்கு இதற்கே ஐந்து வாரம் பிடித்தது. அனுமதி தரவேண்டியவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்று புரியவே மூன்று வாரம். ஃபிக்சஸ் வரியில் பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாளக் குறியீட்டில் (ஹாஷ்) முதல் 12 எழுத்தும், அதன் தலைப்பும் வேண்டும். பழைய பதிப்புகளுக்கும் போக வேண்டுமென்றால் ஸ்டேபிள் முகவரியை சிசி வரியில் சேருங்கள்.

முன்பு சரியாக ஓடியது கெட்டுப்போன பின்னடைவு என்றால் முழு டிமெசெக் (கெர்னல் பதிவேடு), கான்ஃபிக் கோப்பு, முன்னும் பின்னுமான டர்போஸ்டாட் வெளியீடு, பைசெக்ட் பதிவேடு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். கேட்ட அன்றே கொடுத்தால் பேச்சு சூடு ஆறாமல் நகரும்.

செக்பேட்ச் ஸ்கிரிப்ட் குறை சொல்லாதவரை அனுப்பாதீர்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். மெயின்டெய்னர்ஸ் கோப்பில் சிபியுஃப்ரீக்குக்கு பராமரிப்பாளர்களாக ரஃபேல் வைசோக்கியும் விரேஷ் குமாரும் இருக்கிறார்கள்.

8. அனுப்பிவிட்டுக் காத்திருத்தல்

பேட்ச் போவது மின்னஞ்சலில்தான், ஆனால் உலாவியின் அஞ்சல் பக்கத்தில் ஒட்டி அனுப்பாதீர்கள். டேப் எல்லாம் இடைவெளியாக மாறி, பேட்ச் பொருந்தாமல் போகும். ஹெச்டிஎம்எல் அஞ்சலை அங்கிருக்கும் சர்வரே திருப்பிவிடும். கிட் சென்ட்-ஈமெயில்தான் வழி. ஜிமெயில் என்றால் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த அஞ்சலை கிட் ஏஎம் மூலம் பொருத்திப் பாருங்கள். நிறுவன முகவரியிலிருந்து அனுப்பினால் ‘இந்த அஞ்சல் இரகசியமானது’ என்ற அடிக்குறிப்பு தானாக ஒட்டிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். அப்படி வந்த பேட்சை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு வாரமாவது பேசாமல் இருங்கள். வெளியீட்டை அடுத்து வரும் இரண்டு வார மெர்ஜ் காலத்தில் (புதிய நிரலைச் சேர்க்கும் காலம்) அனுப்பினால் இன்னும் தாமதமாகும். பதில் கடுமையாக இருந்தாலும் நிரலைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பதிலை மேலே எழுதாமல், அவர்கள் வரிக்குக் கீழே எழுதுங்கள். இரண்டாம் பதிப்பை அனுப்பும்போது என்ன மாறியது என்பதை மூன்று கோடுகளுக்குக் கீழே குறியுங்கள். அது கமிட் செய்தியில் சேராது.

அண்மையில் வந்த பின்னடைவுக்கான திருத்தம் நடப்பு ஆர்சியிலேயே (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) போகும். என்னுடையது போன்ற பழைய கசிவு, அடுத்த மெர்ஜ் காலம்வரை காத்திருக்கும். ஒரு வெளியீட்டுக்கு ஒன்பது பத்து வாரம் என்பதால், நேரம் தவறினால் மூன்று மாதம் சாதாரணம். கெர்னலின் தலைமைப் பராமரிப்பாளர் லினஸின் மரத்தில் சேர்ந்த பிறகே ஸ்டேபிள் பதிப்புகளுக்கு எடுப்பார்கள். அங்கே ஏதாவது ஒரு பழைய கிளையில் பொருந்தவில்லை என்றால் உங்களுக்குத்தான் அஞ்சல் வரும், அதற்கேற்ப மாற்றி, சோதித்து அனுப்பச் சொல்லி. அதுவரை அந்தச் சோதனைப் பலகையை யாருக்கும் விற்றுவிடாதீர்கள். நான் விற்றுவிட்டு, வாங்கியவரிடமே போய் இரண்டு நாள் இரவல் கேட்டேன்.